இடிசி அடைவில் கை வைத்தது யார்?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சேலையூர்க்காரர்கள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் திரிசூலம். இறங்கினால் எதிரே விமான நிலையம். அன்று சென்னை உட்பட நாட்டின் பல விமான நிலையங்களில் வேலை தடுமாறியது. கணினித் திரைகள் நீலமாகி அப்படியே நின்றன. சில இடங்களில் ஊழியர்கள் பேனாவை எடுத்து போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வெளிநாடுகளில் மருத்துவமனைகளும் வங்கிகளும் கூடத் தப்பவில்லை. மைக்ரோசாஃப்ட் பிறகு சொன்ன மதிப்பீட்டின்படி உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன.

காரணம் வைரஸ் இல்லை, ஹேக்கரும் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கோப்பு. சேனல் ஃபைல் 291 என்று பெயர். அது புது மென்பொருள் கூடக் கிடையாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு, அதாவது கான்ஃபிக் ஃபைல். மென்பொருள் 20 விவரங்களைக் கையில் வைத்திருந்தது. புதிய கோப்பு 21-வதைக் கேட்டது. இல்லாத இடத்தில் போய்ப் படிக்க முயன்று கணினி விழுந்தது. நம் நேரப்படி காலை 9.39-க்குப் போன கோப்பை 10.57-க்கே நிறுவனம் திரும்பப் பெற்றுவிட்டது. மொத்தம் 78 நிமிடம்தான். ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட கணினிகளால் திருத்திய கோப்பை வாங்கிக்கொள்ள முடியவில்லை. பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

ஒரு கணினி திடீரென்று நின்றால் அதைப் பராமரிப்பவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கடைசியா என்ன மாத்தினாங்க?" இந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஐம்பது வருடங்களாக நடந்துவரும் முயற்சிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கான விஷயம்தானே என்று காமர்ஸ் மாணவர்கள் தாண்டிப் போய்விட வேண்டாம். கடைசியில் இது அவர்கள் தலையில்தான் வந்து விழப்போகிறது.

முதலில் அமைப்புக் கோப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. யுனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் 'இடிசி' என்று ஓர் அடைவு இருக்கும். வலைத்தளம் எந்த எண்ணில் கேட்க வேண்டும், யார் உள்ளே நுழையலாம், மின்னஞ்சல் எந்த வழியாகப் போக வேண்டும் போன்ற எல்லா முடிவுகளும் அதற்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும். யார் வேண்டுமானாலும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எளிமையானவைதான். ஆனால் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் சர்வரே எழுந்திருக்காது.

அதனால் சிஸ்டம் அட்மின்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். கோப்பில் கை வைப்பதற்கு முன்னால் அதை நகல் எடுத்து 'பேக்' என்றோ 'ஓல்ட்' என்றோ வால் ஒட்டி வைப்பது. அடுத்த முறை 'ஓல்ட் 2'. அதற்கடுத்த முறை தேதி. இன்னொரு அட்மின் வந்தால் அவர் பெயரின் முதலெழுத்து. இரண்டு வருடத்தில் ஒரே கோப்புக்குப் பதினைந்து நகல்கள் சேர்ந்துவிடும். எது சரியாக ஓடிக்கொண்டிருந்த நகல் என்று ஒருவருக்கும் தெரியாது. (செமினார் ரிப்போர்ட்டை இப்படிச் சேமித்து வைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.)

வேடிக்கை என்னவென்றால், இதற்கான தீர்வு அப்போதே இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் 1972-ல் எஸ்சிசிஎஸ் என்ற மென்பொருளை எழுதினார். முதலில் ஐபிஎம் பெருங்கணினிக்காக எழுதி, பிறகு யுனிக்ஸுக்குக் கொண்டுவந்தார். ஒரு நிரலை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் முழு நகல் எடுக்காமல் மாறிய வரிகளை மட்டும் குறித்து வைக்கும். யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்பதும் கூடவே பதிவாகும். 1982-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிச்சி ஆர்சிஎஸ் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார். அவருடைய யோசனை எளிமையானது. எல்லோருக்கும் பெரும்பாலும் தேவைப்படுவது கடைசிப் பதிப்புதான். ஆகவே அதை முழுதாக வைத்துக்கொண்டு, பழைய பதிப்புகளுக்குப் போக 'பின்னோக்கிய வித்தியாசங்களை' மட்டும் சேமிக்கலாம். நேற்றைய கோப்பு வேண்டுமென்றால் இன்றையதிலிருந்து ஒரு படி பின்னால் நடந்து போனால் போதும்.

இவை நிரல் எழுதுபவர்களுக்காக உருவானவை. சர்வர் பராமரிப்பவர்களில் கவனமான சிலர்தான் ஆர்சிஎஸ்-ஐ இடிசி அடைவுக்கும் பயன்படுத்தினார்கள். அது அதற்குப் பொருத்தமாகவும் இருந்தது. ஒருவர் கோப்பைத் திருத்த எடுத்தால் பூட்டு விழும். அவர் திரும்ப வைக்கும்வரை அடுத்தவர் அதில் எழுத முடியாது. ஒரே சர்வரில் இரண்டு அட்மின்கள் ஒருவர் வேலையை ஒருவர் அழித்துவிடாமல் இருக்க இதுவே போதும். ஆனால் கட்டாயம் எதுவும் கிடையாது. அவசரத்தில் நேராகக் கோப்பைத் திறந்து திருத்திவிட்டுப் போகிறவரைத் தடுக்க முடியாது. பழக்கத்தை நம்பி நடந்த ஏற்பாடு, அவ்வளவுதான்.

பிறகு சர்வர்களின் எண்ணிக்கை கூடியது. நார்வேயின் ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் 1993-ல் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை எழுதினார். ஒவ்வொரு கணினியிலும் போய்த் திருத்தாமல், எல்லாக் கணினிகளும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அவை தாமாகவே அப்படி மாறிக்கொள்ளும். 2005-ல் பப்பெட், 2009-ல் செஃப், 2012-ல் ஆன்சிபிள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். அமைப்பை ஒரே இடத்தில் எழுதி வைத்தாயிற்று என்றால் அதுவும் ஒரு நிரல் மாதிரிதான். அதற்கும் பதிப்பு வரலாறு வைக்கலாமே என்ற எண்ணம் தானாக வந்தது.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' எழுதிய கதை பலருக்கும் தெரியும். லினக்ஸ் கெர்னலை உருவாக்குபவர்கள் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் இலவசமாகக் கிடைப்பது நின்றுபோக, அவரே உட்கார்ந்து சில நாட்களில் ஒன்றை எழுதிவிட்டார். அதிகம் பேசப்படாத கதை அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. டெபியன் லினக்ஸைச் சேர்ந்த ஜோயி ஹெஸ் 2007-ல் 'இடிசி-கீப்பர்' என்ற சிறிய கருவியை எழுதினார். பெயரே சொல்லிவிடுகிறது, இடிசி அடைவின் காவலாளி.

இடிசி அடைவை அப்படியே கிட்டில் போட்டுவிட முடியாதா என்று தோன்றலாம். சிக்கல் இருந்தது. ஒரு கோப்பின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் கிட் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம், யார் படிக்கலாம் என்பதை அது கிட்டத்தட்ட கண்டுகொள்வதில்லை. நிரல்களுக்கு இது பரவாயில்லை. ஆனால் இடிசி அடைவில்தான் எல்லாப் பயனாளர்களின் மறைக்கப்பட்ட கடவுச்சொற்களையும் வைத்திருக்கும் 'ஷேடோ' கோப்பு இருக்கிறது. பழைய பதிப்புக்குத் திரும்பும்போது அனுமதி மாறி அதை எல்லோரும் படிக்கும்படி ஆகிவிட்டால்? இடிசி-கீப்பர் இந்த அனுமதி விவரங்களைத் தனியாக ஒரு கோப்பில் எழுதி அதையும் வரலாற்றில் சேர்த்துவிடும்.

அது செய்த இன்னொரு காரியம் அதைவிட முக்கியம். புது மென்பொருளை நிறுவும்போது இடிசி அடைவில் பதிவாகாத மாற்றம் ஏதாவது இருந்தால், நிறுவுவதற்கு முன்பே அதைப் பதிந்துவிடும். நிறுவிய பிறகு இன்னொரு முறை. தினமும் ஒரு தடவை தானாகவும் பதியும். அதாவது மனிதன் மறந்தாலும் கருவி மறக்காது. ஆர்சிஎஸ் காலத்தில் பழக்கத்தை நம்பி இருந்தது இப்போது இயந்திரத்தின் வேலையாகிவிட்டது. இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம் கிட் இல்லை, இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. திரிசூலத்துக்குப் போகும் அதே ரயிலில் இரண்டாவது நிறுத்தம் குரோம்பேட்டை. அங்குள்ள எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் வந்ததுதான் 2007-ல் சி-டாக் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். அரசு அலுவலகங்களை மனதில் வைத்து இந்திய மொழிகளோடு உருவாக்கப்பட்டது. அதன் அடித்தளம் டெபியன். ஜோயி ஹெஸ் தன் கருவியை எழுதியதும் அதே டெபியனுக்காகத்தான்.

சரி, எல்லாம் பதிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிரச்சினை தீர்ந்ததா? தானாகப் பதியும் கருவியால் 'என்ன மாறியது', 'எப்போது மாறியது' இரண்டையும் சொல்ல முடியும். 'ஏன்' என்பதை ஒரு மனிதன் எழுதினால்தான் உண்டு.

இந்த 'ஏன்' விஷயத்தில் நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இருக்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. கி.பி. 919-ல் வெட்டிய முதல் கல்வெட்டில் வாரிய உறுப்பினராக வயது 30-க்கு மேல் 60-க்குள் இருக்க வேண்டும். இரண்டே வருடம் கழித்து 921-ல் வெட்டிய இரண்டாவதில் அது 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறியிருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்றும் விரிவாகச் சொல்கிறது. தீயவர்கள் ஒழிந்து மற்றவர்கள் செழிக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு என்று காரணமும் சேர்த்தே பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஓர் ஊர்ச்சபையின் அமைப்புக் கோப்பு என்று இதைச் சொன்னால் தப்பில்லை. பழைய பதிப்பைச் செதுக்கி அழிக்கவில்லை. புதியதை இன்னொரு இடத்தில் வெட்டினார்கள். எந்த ஆட்சியாண்டு, அரசனின் எந்த அதிகாரி முன்னிலையில் என்பதும் இருக்கிறது. அதனால்தான் ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் இரண்டையும் பக்கத்தில் வைத்து 30 எங்கே 35 ஆனது என்று பார்க்க முடிகிறது. இன்றைய பல சர்வர்களில் பதிவுக் குறிப்பு என்ற இடத்தில் "அப்டேட்" என்ற ஒரே வார்த்தைதான் இருக்கும்.

காரணமும் சரிபார்ப்பும் இல்லாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பங்குச் சந்தையிலிருந்து ஓர் உதாரணம். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1-ம் தேதிக்காகத் தன் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியது. ஒரு சர்வர் விட்டுப்போனது. அதில் பல வருடமாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் ஒன்று இருந்தது. புதிய நிரலுக்கான சமிக்ஞை அந்தப் பழையதை எழுப்பிவிட்டது. சந்தை திறந்ததும் அது நிற்காமல் வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடத்தில் 40 லட்சம் வர்த்தகங்கள், 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். இதில் கவனிக்க வேண்டியது நடுவில் நடந்த ஒரு காரியம். என்ன தவறு என்று தெரியாமல், புதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த 7 சர்வர்களிலும் அதை நீக்கினார்கள். பழைய நிலைக்குத் திரும்புவதாக நினைத்தார்கள். விளைவு, ஒரு சர்வர் செய்துகொண்டிருந்த தப்பை எட்டும் செய்ய ஆரம்பித்தன.

பழைய பதிப்பு கையில் இருந்தால் மட்டும் போதாது, எட்டு இடத்திலும் இப்போது எது இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013-ல் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தபோது சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, அந்த நிரல் ஏற்றத்தை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான விதியே அங்கு இல்லை என்பது. நம் ஊர் வங்கிக் கிளையில் இதை மேக்கர்-செக்கர் என்பார்கள். ஒருவர் பதிவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். ஆடிட்டிங் பாடத்தில் 'உள் சரிபார்ப்பு' என்று ஐந்து மார்க் கேள்வியாக வரும் அதே சங்கதி!

இப்போது காமர்ஸ் பக்கம் வந்தாயிற்று. குறிப்பேட்டில் தப்பாக எழுதிய பதிவை அழிக்கக்கூடாது, திருத்தப் பதிவு ஒன்றைப் போட வேண்டும் என்பது கணக்குப்பதிவியலின் அரிச்சுவடி. பேரேடு தாளில் இருந்தவரை அழித்தால் தடம் தெரியும். மென்பொருளுக்கு மாறியதும் அந்தத் தடம் போய்விட்டது. போன மாத வவுச்சரைத் திறந்து தொகையை மாற்றிச் சேமித்தால், தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது போல உட்கார்ந்திருக்கும்.

மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2021 மார்ச்சில் நிறுவனக் கணக்கு விதிகளைத் திருத்தியது. கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தணிக்கைத் தடம் வைக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்த வசதியை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். இரண்டு முறை தள்ளிப்போய் 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இது வருடம் முழுவதும் ஓடியதா, யாராவது கை வைத்தார்களா என்று ஆடிட்டரும் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். ஆர்டிகிள்ஷிப் போகும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே பார்க்கப்போகும் வேலை இது. ராச்கைண்ட் 1972-ல் நிரல்களுக்குச் செய்ததை ஐம்பத்தோரு வருடம் கழித்து இந்தியச் சட்டம் கணக்குகளுக்குக் கட்டாயமாக்கியது.

'அணைக்க முடியாதபடி' என்ற இடத்தில்தான் இரண்டு உலகங்களும் முட்டிக்கொள்கின்றன. கிட் வரலாற்றை மாற்றி எழுத முடியும். கடைசிப் பதிவைத் திருத்தவும், பழைய பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கவும், வேண்டாததை நீக்கவும் அதிலேயே கட்டளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் கைரேகையைச் சுமந்துகொண்டிருப்பதால், நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் கைரேகைகளும் மாறிவிடும். மோசடி தெரிந்துவிடும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவரிடம் இன்னொரு நகல் இருந்தால் மட்டும். சர்வரின் முழு அதிகாரமும் வரலாற்றின் ஒரே நகலும் ஒரே ஆளிடம் இருந்தால் அது வரலாறே கிடையாது. அதனால்தான் விவரமான இடங்களில் இடிசி அடைவின் வரலாற்றை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கணினியில் எதையும் அழிக்கும் உரிமை அந்த அட்மினுக்கு இருக்காது.

கணக்கு மென்பொருளிலும் இதே ஓட்டைதான். திரையில் திறந்து வவுச்சரை மாற்றினால் தடம் விழும். ஆனால் கணக்குகள் கடைசியில் இருப்பது ஏதோ ஒரு தரவுத்தளத்தில். அதன் கடவுச்சொல் தெரிந்த ஒருவர் பின்வாசல் வழியாக நேராக உள்ளே போய் எண்ணை மாற்றினால் முன்வாசல் தடத்தில் ஒன்றுமே இருக்காது. 2023-24 நிதியாண்டுக்கான கம்பெனி அறிக்கைகளைப் புரட்டினால், தரவுத்தள அளவில் நேரடியாகச் செய்யும் மாற்றங்களைப் பதியும் வசதி இயக்கப்படவில்லை என்ற வாசகம் பல பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர் அறிக்கைகளிலேயே இருக்கிறது. அதற்காக அங்கே மோசடி நடந்தது என்று அர்த்தமில்லை. அந்த வசதியை இயக்கினால் இடமும் வேகமும் போகும் என்பதால் பலர் விட்டுவிடுவது உண்டு.

பல தரவுத்தளங்களில் அந்த வசதியை இயக்குவதும் நிறுத்துவதும் சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அது மார்ச் 31 அன்று 'ஆன்' என்று இருப்பதை ஆடிட்டர் பார்த்துக்கொள்ளலாம். நவம்பரில் ஒரு ராத்திரி அது இரண்டு மணி நேரம் 'ஆஃப்' என்று இருந்ததா என்பது அந்தக் கோப்பின் பழைய பதிப்புகளை யாராவது வேறொரு இடத்தில் வைத்திருந்தால் மட்டுமே தெரியும்.